ஜெர்மன் வகுப்பைக் கல்லூரிக்குள்ளேயே வையுங்கள்: நர்சிங் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் நர்சிங் கல்லூரி நடத்துகிற தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

நான் மஞ்சக்குப்பத்தில் ஜெர்மன் சொல்லித் தருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்களிடம் படித்து முடித்தவர்கள். பி.எஸ்சி. நர்சிங்கோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, உள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கிடைத்த சம்பளத்துக்குச் சேர்ந்து, நைட் டியூட்டி முடிந்த கையோடு வகுப்பில் வந்து உட்காருகிற பிள்ளைகள். ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்குப் படிக்கும்போதே வந்துவிடுகிறது. மொழியை மட்டும் படிப்பு முடிந்த பிறகு தொடங்குகிறார்கள். இந்த இடைவெளியில்தான் அவர்கள் பணமும் வருஷமும் கரைகின்றன. அதனால் உங்களிடம் கேட்கிறேன்: ஜெர்மன் வகுப்பைக் கல்லூரிக்குள்ளேயே, அவர்கள் படிக்கிற காலத்திலேயே வையுங்கள். அதற்கு வேண்டிய பாடம், வீடியோ, பயிற்சி, மாதிரித் தேர்வு எல்லாம் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. நீங்கள் தர வேண்டியது ஓர் அறை, தினம் ஒரு மணி நேரம், கூட உட்கார ஓர் ஆள்.

ஜெர்மனியில் என்னதான் கேட்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றி ஊரில் உலவுகிற பேச்சில் தவறான தகவல் நிறைய. அங்கே முழுத் தகுதியுள்ள நர்ஸாக வேலை பார்க்க, நம் படிப்பை அந்தந்த மாநில அரசின் அதிகாரிகள் ஆராய்ந்து அங்கீகரிக்க வேண்டும். மொத்தம் 16 மாநிலங்கள். மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக அளக்கிறார்கள், ஏ1 தொடக்க நிலை. இதில் பி2 நிலையைப் பெரும்பாலான மாநிலங்கள் கேட்கின்றன. நம் பாடத்திட்டத்தில் குறை இருப்பதாக அவர்கள் கருதினால், அங்கே போய் ஆஸ்பத்திரியில் கூடுதல் பயிற்சி முடிக்க வேண்டும், அல்லது ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். அங்கீகாரம் கைக்கு வரும்வரை உதவியாளர் வேலைதான், சம்பளமும் அதற்குத் தகுந்ததுதான்.

பி1 முடித்த உடனே விமானம் ஏற்றிவிடுகிற ஏற்பாடுகளும் உண்டு. அப்படிப் போன பிள்ளைகள் அங்கே காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று மாறி மாறி நின்று, தானே சமைத்து, குளிரில் பஸ்ஸுக்குக் காத்திருந்து, அதற்கு நடுவில் பி2 படிக்கிறார்கள். வார்டில் இருக்கிற முதியவர்கள் பாட்டுக்குத் தங்கள் வட்டார வழக்கில் பேசுவார்கள், புத்தக ஜெர்மனில் அல்ல. பி1 காதுக்கு அது எட்டாது. இங்கேயே பி2 முடித்துவிட்டுப் போகிறவளுக்கும் பி1-ஓடு போகிறவளுக்கும் முதல் இரண்டு வருஷ வாழ்க்கை முழுவதுமே வேறாக இருக்கிறது.

சரி, பி2 வரை வர எவ்வளவு நேரம் ஆகும்? 45 நிமிட வகுப்பாக எண்ணினால் 600 முதல் 800 வகுப்புகள் என்பது, ஜெர்மன் மொழி கற்பித்துத் தேர்வும் நடத்துகிற கோதே நிறுவனம் தருகிற தோராயக் கணக்கு. இப்போது உங்கள் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 200 நாள், நாளைக்கு ஒரு மணி நேரம். பி.எஸ்சி.யில் இரண்டாம் ஆண்டில் தொடங்கினால் நான்காம் ஆண்டு முடியும்போது 600 மணி நேரம். அதை 45 நிமிட வகுப்பாக மாற்றினால் 800. டிப்ளமோ மூன்று ஆண்டு, எனவே முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். பரீட்சை, கிளினிக்கல் போஸ்டிங் என்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சி, புயல் விடுமுறை என்று மூன்றில் ஒரு பங்கு கழிந்தால்கூடப் பிள்ளை பி1-ஐத் தாண்டி நிற்பாள். மிச்சத்துக்கு வெளியே வந்து சில மாதம் போதும்.

படிப்பு முடிந்த பிறகு இதே நேரத்தை அவர்கள் எங்கிருந்து எடுப்பார்கள்? பன்னிரண்டு மணி நேர டியூட்டி, வீட்டில் கல்விக்கடன், பக்கத்து வீட்டில் கல்யாணப் பேச்சு. ‘எட்டே மாதத்தில் பி2’ என்று பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டியிருப்பதைப் பார்த்து, அந்த அவசரத்தில்தான் பணம் கட்டுகிறார்கள்.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்தேன். வெளியூர் கோச்சிங் சென்டர் ஒன்றில் படித்துவிட்டு என்னிடம் வந்த மாணவி, அவர்கள் கொடுத்த ‘மெட்டீரியல்’ என்று ஸ்பைரல் பைண்டிங் போட்ட தடித்த நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். திறந்தால், கோதே நிறுவனம் தன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று போட்டு வைத்திருக்கிற மாதிரித் தேர்வுத் தாள்கள். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்ததால் படங்களெல்லாம் கறுப்புத் திட்டாகிவிட்டன. கேட்டல் பகுதியின் கேள்விகள் இருந்தன. அதற்குரிய ஒலிப்பதிவைக் கொடுக்கவே இல்லை. எதைக் கேட்டுப் பதில் எழுதுவது என்று அந்தப் பெண் அவர்களிடம் கேட்டதே இல்லை. கேட்கலாம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. இந்த நோட்டுக்குத் தனிக் கட்டணம் வாங்கியிருந்தார்கள். அதே ஒலிப்பதிவை நான் என் போனில் திறந்து போட்டுக் காட்டியபோது அவள் முகத்தில் வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

எல்லா சென்டரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். நேர்மையாகச் சொல்லித் தருகிற ஆசிரியர்கள் பாண்டியிலும் இருக்கிறார்கள், சென்னையிலும் இருக்கிறார்கள். ஆனால் எது இலவசம், எது காசு கொடுத்து வாங்க வேண்டியது என்று தெரியாத பிள்ளையை யாரும் ஏமாற்றலாம். அந்தத் தெளிவைக் கொடுக்கிற இடம் கல்லூரிதான்.

அப்புறம், இணையத்தில் இருப்பவற்றில் நான் எதை நம்பிப் பாடம் நடத்துகிறேன் என்று சொல்ல வேண்டும்.

தொடக்கத்துக்கு ஜெர்மன் அரசு நிதியில் நடக்கும் ஊடகமான டாய்ச்சு வெல்லே நடத்துகிற ‘நீகோஸ் வேக்’. ஸ்பெயினிலிருந்து ஜெர்மனிக்கு வருகிற நீகோ என்ற இளைஞன் வந்த அன்றே பையைத் தொலைத்துவிட்டுத் தடுமாறுகிறான். அங்கே தொடங்கி, சின்னச் சின்ன வீடியோக்களாகக் கதை நகர்கிறது. ஒவ்வொன்றின் கீழேயும் சொற்கள், இலக்கணம், பயிற்சி. ஏ1, ஏ2, பி1 மூன்று நிலைக்கும் உண்டு. பைசா செலவில்லை. கதை என்பதால் அடுத்தது என்ன என்று பிள்ளைகள் தாங்களாகவே திறக்கிறார்கள். நான் பார்த்தவரையில் ஏ1 பாடப்புத்தகத்தைவிட இது அதிகம் ஒட்டுகிறது.

அதே டாய்ச்சு வெல்லேயில் செய்தியை மெதுவாக, ஒவ்வொரு சொல்லும் பிரிந்து விழும்படி வாசித்துப் போடுகிறார்கள். வாசித்த செய்தி வரிக்கு வரி எழுத்திலும் இருக்கும். பி1-ஐத் தொட்டவர்களுக்கு இதைவிட நல்ல தினசரிப் பயிற்சி எனக்குத் தெரியாது. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்பது, இரண்டாம் முறை பார்த்துக்கொண்டே கேட்பது, மூன்றாம் முறை கூடவே வாய்விட்டுச் சொல்வது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பாண்டிக்குப் பஸ்ஸில் போகிற நேரத்தில் இது முடிந்துவிடும்.

எழுத்துப் பயிற்சிக்கு ஜெர்மனியின் முதியோர் கல்விக் கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் வி.ஹெச்.எஸ். லெர்ன்போர்ட்டால். ஏ1 முதல் பி2 வரை முறையான பாடங்கள், வேலையிடத்து ஜெர்மனுக்குத் தனிப் பகுதி, எல்லாமே இலவசம். ஆசிரியர் தன் வகுப்பை அதற்குள்ளேயே அமைத்துக்கொண்டு, யார் எதுவரை செய்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். கல்லூரிக்கு இது மிகவும் பொருந்தும். நாற்பது பேர் நோட்டை வாங்கித் திருத்துகிற சுமையில் பாதி குறையும்.

தேர்வுக்கு நான் சொன்ன கோதே மாதிரித் தாள்கள், ஒலிப்பதிவோடும் விடையோடும். பி1, பி2 தேர்வுகளில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். ஒன்றில் தவறினால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுதலாம். இதுகூடத் தெரியாமல் முழுத் தேர்வுக்கும் மறுபடி பணம் கட்டப் போனவர்களைத் தடுத்திருக்கிறேன்.

சொற்களை மனத்தில் நிறுத்த ஆங்கி என்ற செயலி. மறக்கப் போகிற நேரம் பார்த்து அந்தச் சொல்லைத் திரும்பக் கேட்கும். ஆண்ட்ராய்டு போனில் இலவசம். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் டெர், டீ, டாஸ் என்று பால் உண்டு. மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால், பெண் குழந்தையைக் குறிக்கிற சொல்லே அலிப்பால். காரணம் தேடிப் பயனில்லை, திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் பதியும். அதற்கு இது உதவும். பச்சைப் பறவைப் பொம்மை போட்ட விளையாட்டுச் செயலியை மட்டும் வைத்துக்கொண்டு பி2 வரை போகலாம் என்று நினைப்பவர்களிடம் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன்: சொல் சேரும், பேச்சு வராது. கடிதம் எழுதச் சொன்னால் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி ஒட்டுகிற பழக்கமும் இப்போது பரவிவிட்டது. தானே எழுதிவிட்டுப் பிழை எங்கே என்று கேட்டால் நல்ல உதவிதான். முழுதாக எழுதி வாங்கினால் தேர்வு அறையில் வெறுங்கையோடு உட்கார வேண்டியதுதான்.

தமிழில் ஜெர்மன் சொல்லித் தருகிற யூடியூப் சேனல்கள் பல இருக்கின்றன. அன்போடு செய்கிறார்கள், ஏ1-க்கு நன்றாக உதவுகின்றன. ஏ2-க்கு மேல் வருகிறவர்கள் குறைவு. பி1, பி2 எல்லாம் ஆங்கிலம் வழியாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. தமிழ் வழியில் பள்ளி முடித்த பிள்ளைக்கு அது இரட்டை வேலை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிக்கும்போது ‘இது ரொம்பக் கஷ்டம்’ என்று சொல்லப்படுகிற பல இடங்கள் தமிழ்ப் பிள்ளைக்குக் கஷ்டமே இல்லை. ‘வைல் இஷ் ஹொய்டெ நிஷ்ட் கோமென் கான்’. ‘இன்று என்னால் வர முடியாததால்’ என்று காரணம் சொல்கிற வாக்கியம். வினை கடைசியில் நிற்கிறது, அதிலும் ‘வர’ முதலில், ‘முடியும்’ பிறகு. நாம் பேசுகிற அதே வரிசை. ஆங்கில விளக்கம் இதற்கு ஒரு பக்கம் விதி எழுதுகிறது. நான் ஒரே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். வேற்றுமையும் அப்படித்தான். ‘மியர் இஸ்ட் கால்ட்’, எனக்குக் குளிர்கிறது. ‘மியர் இஸ்ட் யூபெல்’, எனக்குக் குமட்டுகிறது. ‘மியர் இஸ்ட் ஷ்விண்ட்லிஷ்’, எனக்குத் தலை சுற்றுகிறது. நோயாளி நர்ஸிடம் சொல்லுகிற முதல் வாக்கியங்கள் இவை. மூன்றிலும் நம் நான்காம் வேற்றுமை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்கள் இங்கே ‘நான் குளிராக இருக்கிறேன்’ என்கிற மாதிரிச் சொல்லிப் பிழை செய்வார்கள். தமிழில் யோசித்தால் பிழை வராது. இதைச் சொல்லித் தர ஆள் இருந்தால் போதும், பிள்ளைகளின் பயம் பாதி போய்விடும்.

வேறு இடத்தில் நமக்கும் கஷ்டம் இருக்கிறது. எண்கள். 84 என்பதை ஜெர்மனில் ‘ஃபியர் உண்ட் ஆக்ட்ஸிஷ்’ என்பார்கள், நான்கும் எண்பதும். காதில் முதலில் விழுவது நான்கு. வகுப்பில் நான் பி.பி., பல்ஸ், சர்க்கரை அளவு என்று வரிசையாகச் சொல்லி எழுதச் சொல்வேன். நன்றாகப் படிக்கிற பெண், வேகமாக எழுதினாள். பல்ஸ் 84 என்று நான் சொன்னதற்கு அவள் நோட்டில் 48. “இந்த நோயாளிக்கு இப்போது என்ன செய்வாய்?” என்று கேட்டேன். அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் அவள் நர்ஸ், 48 என்றால் டாக்டரைக் கூப்பிட ஓட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சிலர் முதலில் வலப்பக்கம் நான்கைப் போட்டுவிட்டு, பிறகு இடப்பக்கம் எட்டைப் போடுகிறார்கள். காகிதத்தில் அது சரிப்படும். கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற வார்டில் சரிப்படாது. காது பழகியே தீர வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் தினமும் பத்து நிமிடம் எண் கேட்டு எழுதுவதைத் தவிர வேறு வழி நான் கண்டதில்லை. எட்டு மாத அவசரப் படிப்பில் முதலில் வெட்டப்படுவது இந்தப் பத்து நிமிடம்தான்.

எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, பிள்ளைகள் தாங்களே படித்துக்கொள்ளட்டுமே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தனியாகத் தொடங்கிய எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஏ1-ன் நடுவில், வினைச்சொல் இரண்டாகப் பிரிந்து அதில் ஒரு துண்டு வாக்கியத்தின் கடைசிக்கு ஓடத் தொடங்கும்போது, நிறுத்திவிடுகிறார்கள். சோம்பல் காரணமில்லை. தான் சொல்வது சரியா தவறா என்று சொல்ல ஆள் இல்லை. மேலே இரண்டு புள்ளி வைத்த ‘யூ’வையும் ‘ஓ’வையும் உதடு குவித்து அவர்கள் சொல்கிற விதம் வீடியோவைப் பார்த்தால் மட்டும் வருவதில்லை. யாராவது எதிரில் உட்கார்ந்து, இன்னும் குவி, நாக்கை முன்னால் தள்ளு என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் கடற்கரையிலேயே இதற்குப் பழைய சாட்சி இருக்கிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் கற்க என்ன செய்தார் தெரியுமா? உள்ளூர் வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, அந்தச் சின்னப் பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து மணலில் எழுத்தெழுதிப் படித்தார். பத்தே ஆண்டில், 1716-ல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகி வந்தது. பிறகு வந்த ஃபப்ரீசியுஸ் தொகுத்த அகராதியை இன்று இணையத்தில் யாரும் இலவசமாகப் புரட்டலாம். கடலூரிலும் ஹாலேயிலிருந்து வந்த கிறிஸ்தவ மிஷனரிகள் இருந்து வேலை செய்தார்கள். அவர்கள் நம் மொழியைக் கற்க வாத்தியாரைத் தேடி வீட்டுக்கே கூட்டி வந்தார்கள். அவர்கள் மொழியைக் கற்க நம் பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியாரைக் கல்லூரிக்குள் உட்கார வைப்பதில் என்ன தடை?

நீங்கள் சொல்லக்கூடிய தடைகள் எனக்குத் தெரியும். பாடத்திட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது, போஸ்டிங் வேறு. உண்மைதான். அதனால்தான் பாடவேளைக்குள் கேட்கவில்லை. கல்லூரி முடிந்து ஹாஸ்டலுக்கோ பஸ்ஸுக்கோ போவதற்கு முன் அந்த ஒரு மணி நேரம். கம்ப்யூட்டர் லேப் அந்த நேரத்தில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. போஸ்டிங் நாட்களில் லேபுக்கு வர முடியாதவர்களுக்குக் கேட்டல் மட்டும், போனிலேயே.

ஜெர்மன் தெரிந்த ஆசிரியர் கிடைக்கவில்லை என்பீர்கள். பி2 முடித்த ஒருவரை வாரத்துக்கு மூன்று நாள் வரவழைத்தால் தொடங்கிவிடலாம். பாடத்தை அவர் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. ஆசிரியர்களுக்கென்றே பாடத் தாள்களை டாய்ச்சு வெல்லே தன் தளத்தில் வைத்திருக்கிறது, கோதே நிறுவனமும் வைத்திருக்கிறது. மற்ற நாட்களில் உங்கள் டியூட்டர்களில் ஒருவர் பிள்ளைகளோடு சேர்ந்து ஏ1 படித்தால், இரண்டாவது ஆண்டில் அவரே தொடக்க வகுப்பைக் கவனிப்பார். நர்சிங் தெரிந்த ஜெர்மன் ஆசிரியை என்னைவிடச் சிறந்தவராகத்தான் இருப்பார். வார்டில் என்ன பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும், நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். பேச்சுப் பயிற்சிக்குப் புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஆரோவில்லில் ஜெர்மனியிலிருந்து வந்து குடியிருப்பவர்கள் நிறைய. மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் வந்து பிள்ளைகளோடு பேசுங்கள் என்று மரியாதையாகக் கேட்டால், வர மனமுள்ள ஒருவராவது கிடைப்பார் என்று நம்புகிறேன்.

இன்னொரு தடை கனமானது. உங்களில் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: “எல்லாரையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டால் நம் ஆஸ்பத்திரியில் யார் ஊசி போடுவது?” அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் அம்மாவும் அரசு ஆஸ்பத்திரியில்தான் மருந்து வாங்குகிறார். ஆனால் ஜெர்மன் சொல்லித் தராவிட்டால் பிள்ளைகள் இங்கேயே இருந்துவிடுவார்களா? நாற்பது வருஷமாக வளைகுடாவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். போவதா இருப்பதா என்பது அந்தப் பெண்ணும் அவள் வீடும் எடுக்கிற முடிவு. நர்சுகளை இழந்தால் தாங்காத நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனம் போட்டிருக்கிற பட்டியலில் இந்தியா இல்லை. ஊரில் இருக்கிற நர்சுக்கு நல்ல சம்பளம் கேட்டு நீங்கள் குரல் கொடுத்தால் நானும் கூட நிற்கிறேன். அதற்காக, போக முடிவெடுத்த பெண்ணை ஏஜென்ட் கையில் விட்டுவிட வேண்டியதில்லை.

ஏஜென்ட் விஷயத்தையும் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உண்டா இல்லையா என்று இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது. ஜெர்மன் அரசின் ‘ட்ரிப்பிள் வின்’ திட்டத்தில் நர்சிடம் ஆள் சேர்ப்புக் கட்டணமே வாங்குவதில்லை. கேரள அரசின் நோர்க்கா நிறுவனம் 2021-ல் அதோடு ஒப்பந்தம் போட்டுப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்சுகளுக்கு ஜெர்மன் பயிற்சி தருகிறது. இவற்றை நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஒரு தாள் போதும். கல்லூரி முத்திரையோடு அந்தத் தாள் இருந்தால் வீட்டில் அப்பா அம்மாவும் நம்புவார்கள்.

லேபைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல திட்டம் அங்கேதான் சிக்கிக்கொள்கிறது. ஹெட்போன் இல்லாத லேபில் இருபது பேர் ஒரே நேரத்தில் வீடியோ போட்டால் யாருக்கும் எதுவும் கேட்காது. மைக்கோடு கூடிய சாதாரண ஹெட்போன் ஆளுக்கொன்று வேண்டும். யூடியூபை அடைத்து வைத்திருக்கிற கல்லூரிகள், அந்த ஒரு மணி நேரத்துக்காவது திறந்துவிட வேண்டும். விசைப்பலகை அமைப்பில் ஜெர்மனைச் சேர்த்தால் புள்ளி வைத்த எழுத்துகளைத் தட்ட முடியும், அது ஐந்து நிமிட வேலை. நெட் போகிற நாளுக்காக ஒலிப்பதிவுகளை இறக்கி ஒரு கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம். புதுச்சேரியில் ரோமன் ரோலன் நூலகம், கடலூரில் மாவட்ட மைய நூலகம் இவற்றில் ஜெர்மன்–ஆங்கில அகராதி இரண்டு பிரதி வாங்கி வைக்கச் சொல்லிக் கல்லூரியிலிருந்து கடிதம் போனால், எங்களைப் போன்ற தனி ஆசிரியர்கள் கேட்பதைவிடச் சீக்கிரம் நடக்கும்.

நீகோஸ் வேக் ஏ1 பாடங்களுக்கு நான் தமிழில் எழுதி வைத்திருக்கிற குறிப்புகள் இருக்கின்றன. பாடத்துக்கு ஒரு பக்கம், சொற்கள், இலக்கணம், தமிழில் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே வழுக்கும் என்று. எந்தக் கல்லூரி கேட்டாலும் இலவசமாகத் தருகிறேன். திருத்தலாம், அச்சடிக்கலாம், இணையத்தில் போடலாம், என் பெயர்கூட வேண்டாம். ஏ2-க்கான குறிப்புகள் பாதியில் நிற்கின்றன. வார்டு ஜெர்மனுக்குத் தமிழில் ஒரு சொல்தொகுப்பு வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. அதை நான் தனியாகச் செய்ய முடியாது. உங்கள் ஆசிரியைகளும் ஏற்கெனவே ஜெர்மனியில் வேலை பார்க்கிற உங்கள் பழைய மாணவிகளும் சேர்ந்தால் ஆகும். அந்த மாணவிகளின் எண்கள் உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினால், இங்கே வகுப்பில் வருகிற சந்தேகத்துக்கு அங்கே வார்டிலிருந்தே பதில் வரும்.

இந்தக் கல்வியாண்டுத் தொடக்கத்தில் ஒரே ஒரு கல்லூரி, ஒரே ஒரு இரண்டாம் ஆண்டு வகுப்பு, விருப்பமுள்ள பிள்ளைகள் மட்டும் என்று தொடங்கினால் போதும். கட்டாயப்படுத்த வேண்டாம். ஜெர்மனிக்குப் போக விருப்பமில்லாத பெண்ணுக்கு அந்த நேரம் அவளுடையதாகவே இருக்கட்டும். முதல் மாதம் எனக்கு நீங்கள் எதுவும் தர வேண்டாம். லேபைப் பார்த்து எந்தத் தளம் திறக்கிறது, எது திறக்கவில்லை என்று எழுதித் தருகிறேன். முதல் பாடங்களை உங்கள் டியூட்டரோடு உட்கார்ந்து நடத்திக் காட்டுகிறேன். அதற்குப் பிறகு யாரை நியமிப்பது, என்ன கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வகுப்பு இல்லை. அன்றைக்கு வரச் சொன்னால் சிதம்பரமோ விருத்தாசலமோ பாண்டியோ, பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜெர்மன் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்